கிரேவ்ஸ் நோய்க்கு மாத்திரை சாப்பிடுறேன், திரும்ப ஸ்கூபா டைவ் பண்ணலாமா?

பவளப்பூ (சென்னை):

எல்லாருக்கும் வணக்கம். தைராய்டு பிரச்சனையோட டைவ் பண்றவங்க யாராவது இங்க இருப்பீங்கன்னு நம்பி எழுதுறேன்.

வயசு 38, ஸ்கூல் டீச்சர். அந்தமான் ஹேவ்லாக் தீவுல ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டுன்னு ரெண்டு டைவிங் கோர்ஸும் முடிச்சிருக்கேன். லீவு கிடைச்சா பாண்டிச்சேரி, காசு சேர்ந்தா அந்தமான். தண்ணிக்குள்ள என் ஜோடியும் என் வீட்டுக்காரர்தான்.

போன தீபாவளி சமயத்துல உடம்பு என் பேச்சைக் கேக்கறத நிறுத்திடுச்சு. வயிறு நிறைய சாப்பிட்டும் எடை இறங்கிக்கிட்டே இருந்துது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா தலையணைக்குள்ளிருந்து நெஞ்சு துடிக்கிற சத்தம் கேக்கும். போர்டுல நான் எழுதின 'ழ'வோட கால் நடுங்கி நடுங்கி இறங்கறதைப் பார்த்துட்டு, "மிஸ், உங்களுக்குக் குளிருதா?"ன்னு முன் பெஞ்சுப் பொண்ணு கேட்டா. எனக்கோ ஃபேனுக்கு நேரா நின்னும் வேர்த்துக் கொட்டுது. மூணாவது மாடி வகுப்புக்குக் கைப்பிடியை இழுத்துப் பிடிச்சாத்தான் ஏற முடிஞ்சுது.

டெஸ்ட்ல, தைராய்டைச் சுரக்கத் தூண்டுற டி.எஸ்.எச். 0.01க்கும் கீழ. தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 எக்கச்சக்கமா ஏறியிருந்துது, ஆன்டிபாடியும் பாசிட்டிவ். கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கறதுன்னு சொல்லி, அதைக் குறைக்க கார்பிமசோலும் படபடப்புக்கு புரோப்ரனோலாலும் ஆரம்பிச்சாங்க. இப்போ மார்ச். நடுக்கம் நின்னுடுச்சு, தூக்கம் வருது, எடையும் கொஞ்சம் ஏறியிருக்கு. கடைசி டெஸ்ட்ல டி3, டி4 ரெண்டும் நார்மல். ஆனா டி.எஸ்.எச். மட்டும் இன்னும் தரையிலேயே கிடக்கு. புரோப்ரனோலால் கம்மி டோஸ்ல ஓடிக்கிட்டிருக்கு.

மே லீவுல ஹேவ்லாக் போகலாம்னு ஆசை. வீட்டுப் பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன், ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே "அதெல்லாம் மறந்துடுங்கம்மா"ன்னுட்டார். தெரிஞ்ச டைவர் ஒருத்தர், தைராய்டு எல்லாருக்கும் இருக்கறதுதான், டைவுக்கு முன்னாடி நிரப்புற மெடிக்கல் ஃபார்ம்ல எழுதாம விட்டுடுங்கங்கறார். ரெண்டுமே எனக்கு மனசுக்கு ஒப்பலை.

எனக்குக் கடல் வெறும் பொழுதுபோக்கு கிடையாது. ஹேவ்லாக்ல லைட்ஹவுஸ்ங்கற இடத்துல ராத்திரி டைவ்ல டார்ச்சை நெஞ்சோட அணைச்சு மறைச்சுக்கிட்டு கையை அசைச்சா, விரல் போற வழியெல்லாம் பச்சைப் பொறி பறக்கும். அதைத் திரும்பப் பார்க்கணும். ஆனா உண்மையைச் சொல்லி, முறையா அனுமதி வாங்கித்தான் பார்க்கணும். டி.எஸ்.எச். ஏறுற வரைக்கும் காத்திருக்கணுமா? இந்த மாத்திரைகளோட இறங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தங்கச்சிமடத்தான் (ஹேவ்லாக்):

டீச்சர், நான் இங்க டைவ் சொல்லிக் கொடுக்குறவன். வைத்தியம் பத்திப் பேசமாட்டேன், படகு பத்தியும் தண்ணி பத்தியும் சொல்றேன்.

ஃபார்ம்ல மறைக்கச் சொன்னவர் பேச்சைக் கேக்காதீங்க. 2020ல மாத்தி வந்த ஃபார்ம்ல முதல் பக்கத்துல பத்தே கேள்விதான். மூணாவது கேள்வி, 1.6 கிலோமீட்டரை 14 நிமிஷத்துல நடக்கவோ, 200 மீட்டரை நிக்காம நீந்தவோ சிரமப்படுறீங்களா, கடந்த 12 மாசத்துல உடம்பு சரியில்லாம வழக்கமான வேலை செய்ய முடியாமப் போச்சான்னு கேக்கும். பத்தாவது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேக்கும். உங்களுக்குப் பத்தாவதே 'ஆமாம்'தான். அப்புறம் டாக்டர் கையெழுத்து இல்லாம நாங்க இறக்கக் கூடாது. தண்ணிக்கடியில நீங்க திடீர்னு நெஞ்சைப் பிடிச்சா, அது பயமா, மூச்சு வாங்குறதா, பழைய படபடப்பான்னு பக்கத்துல இருக்கறவன் ஒரு நொடியில புரிஞ்சுக்கணும். அவனுக்குத் தெரியாத நோயை அவன் எப்படிக் கவனிப்பான்?

நீங்க எழுதினதுல எனக்கு உறுத்துனது அந்த மாடிப்படி. தைராய்டு ஏறினா தொடைச் சதையும் தோள் சதையும் இளைச்சுப்போகும்னு எங்ககிட்ட வந்த ஒரு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கீழ இருக்கறவரைக்கும் அது தெரியாது, தண்ணி தாங்கிக்கும். ஏணியிலதான் தெரியும். டைவ் முடிஞ்சு களைச்சு வர்றீங்க, அலையில படகு ஏறி இறங்குது, ஏணி ஒரு தடவை தண்ணிக்குள்ள போகும், ஒரு தடவை தலைக்கு மேல நிக்கும். முதுகுல சிலிண்டர், மிதக்கறதுக்குக் காத்து அடைக்கிற ஜாக்கெட், இடுப்புல வெயிட், எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்கு மேல. அந்த நேரத்துல தொடை ஏமாத்துனா விழுறது நீங்க மட்டுமில்ல, கீழ அடுத்து ஏறக் காத்திருக்கறவர் தலையிலயும் விழுவீங்க. வீட்டுல தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையூன்றாம எந்திரிச்சுப் பாருங்க. வரலைன்னா இன்னும் நாள் இருக்கு. வந்தாலும் முதல் சில டைவுக்கு வெயிட்டையும் ஜாக்கெட்டையும் தண்ணியிலேயே கழட்டி மேல கொடுத்துட்டு ஏறுங்க. எங்க பசங்க வாங்கிக்குவாங்க, அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

இடுப்புல எவ்வளவு கட்டணும்ங்கற பழைய வெயிட் கணக்கை மறந்துடுங்க. இளைச்ச உடம்புக்கு அந்த வெயிட் அதிகம். மருந்துல எடை திரும்பி ஏறும்போது கணக்கு மறுபடி மாறும். குளிர் தாங்கப் போடுற வெட்சூட் தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள புகுந்து வெளிய போய்க்கிட்டே இருக்கும், அந்தமான் தண்ணியிலயே நடுங்க வச்சிரும். இங்க வந்து அளவு பார்த்து வேற எடுத்துக்கலாம்.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் எல்லாம் ஆழம், நீரோட்டமும் இருக்கும். அதெல்லாம் அப்புறம். முதல்ல நீமோ ரீஃப், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், வேணாம்னா திரும்பி நடந்து வந்துடலாம். இது தீவு டீச்சர். பெருசா ஏதாவது ஆனா ஃபெரி பிடிச்சு போர்ட் பிளேர் போகணும், பொழுது சாஞ்சா ஃபெரியும் கிடையாது.

---

மதுரை மருத்துவர்:

சகோதரி, நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் பார்க்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

டி.எஸ்.எச். பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. பல மாதம் அதிகத் தைராக்சினால் அமுங்கிக் கிடந்த பிட்யூட்டரி, டி4 நார்மலுக்கு வந்த பிறகும் விழித்துக்கொள்ள வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தக் கட்டத்தில் நான் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும்தான் பார்ப்பேன். ஆனால் ஒரே ஒரு நல்ல ரிப்போர்ட் எனக்குப் போதாது. சில வார இடைவெளியில் எடுத்த அடுத்த ரிப்போர்ட்டும் அதே இடத்தில் நிற்க வேண்டும். கார்பிமசோல் டோஸ் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் எங்கள் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

உங்கள் பதிவில் நான் நின்று படித்தது புரோப்ரனோலால் வரியை. அந்த மாத்திரை நோயைக் குறைக்காது, படபடப்பையும் நடுக்கத்தையும் மூடி வைக்கும். அது தேவைப்படுகிறது என்றால் நோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். தவிர, அதைச் சாப்பிடும்போது இதயம் ஓர் அளவுக்கு மேல் வேகமெடுக்காது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது அந்த வேகம் தேவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயையும் சுருக்கும். கழுத்தளவு நீரில் இறங்கினாலே கை கால்களிலிருந்து சுமார் 700 மில்லி ரத்தம் மார்புக்குள் ஏறுகிறது. அந்தக் கூடுதல் சுமையை உங்கள் இதயம் சுமக்க வேண்டும். தைராய்டு அதிகமாக இருந்த இதயத்தில் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. நீருக்கடியில் அது வந்தால் மேலே வருவதற்குள் மயங்கலாம்.

ஆகவே, உங்கள் மருத்துவர் சொல்லும் முறையில் புரோப்ரனோலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது இல்லாமலே நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்த்து, ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுங்கள். அவை நன்றாக இருந்தால், கார்பிமசோல் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு டைவ் செய்ய நான் தடை சொல்லமாட்டேன். கண் துருத்தல், எரிச்சல், இரட்டைப் பார்வை ஏதாவது இருந்தால் முகமூடி போடுவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். கிரேவ்ஸ் நோய் கண்ணையும் பாதிக்கும்.

இன்னொன்று, டைவர்களுக்கென்றே சொல்கிறேன். கார்பிமசோல் மிகச் சிலருக்கு வெள்ளணுக்களைத் திடீரென்று சரித்துவிடும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவைதான் அறிகுறி. சிலிண்டர் காற்று வறண்டது, டைவ் செய்தால் தொண்டை வறளத்தான் செய்யும். அதனால் தொண்டை வலியையும் அந்தக் கணக்கில் சேர்த்து விட்டுவிடுவார்கள். நீங்கள் விடக் கூடாது. காய்ச்சலோடு தொண்டை வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

---

நிலாவெளி (திருகோணமலை):

அக்கா, எனக்கு உங்களுக்கு நேர் எதிர். ஹாஷிமோட்டோ, தைராய்டு குறைஞ்சது. தைராக்சின் குளிசை எடுத்துக்கொண்டு புறாத்தீவுப் பக்கம் டைவ் செய்யிறனான். ஆறு மாதம் கடல் இல்லாமல் இருந்த ஆள் நான், உங்கட மனம் எனக்கு நல்லா விளங்குது.

எனக்கு நோய் கண்டுபிடிக்க முதல் விரல் நுனியெல்லாம் விறைக்கும், ஊசி குத்துற மாதிரி இருக்கும். மணிக்கட்டில நரம்பு நசிபடுறதாம், தைராய்டு குறைஞ்ச ஆக்களுக்கு அது வாறதாம். டைவ் செய்து மேல வந்த பிறகும் விரல் விறைச்சால் அது மேல வரேக்க உடம்புக்குள்ள உண்டாகிற நைட்ரஜன் குமிழாலயோ, என்ர பழைய வருத்தத்தாலயோ எண்டு ஆராலும் சொல்லேலாது. அதால ஒவ்வொரு நாளும் இறங்க முதல் எந்த விரல், எவ்வளவு விறைப்பு எண்டு லாக் புத்தகத்தில எழுதி, கூட வாற ஆளுக்கும் சொல்லிப்போட்டுத்தான் இறங்குவன். எழுதாத இடத்தில புதுசா விறைச்சால் உடனே ஒட்சிசன், உடனே ஆஸ்பத்திரி. நாளைக்கு உங்களுக்குத் தைராய்டை எடுக்கிற ஒப்பரேசன் எண்டு வந்தால், கல்சியம் இறங்கி வாயைச் சுத்தி, விரலெல்லாம் கூசுமாம். இதை இப்பவே பழகி வையுங்கோ.

குளிசை நேரமும் ஒரு கரைச்சல். விடியக் காலமை படகு, தேத்தண்ணி குடிக்காமல் ஏலாது, தைராக்சினோ வெறும் வயித்தில எடுக்கோணும். டொக்டரோட கதைச்சு, இரவுச் சாப்பாட்டுக்கு மூண்டு மணித்தியாலம் கழிச்சு படுக்கேக்க எடுக்கிற மாதிரி மாத்திக்கொண்டன். கிரேவ்ஸ் ஆக்களும் சிகிச்சைக்குப் பிறகு தைராக்சினுக்கு வாறது உண்டு, அதால சொல்லி வைக்கிறன்.

---

பவளப்பூ:

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. நேத்து சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுல 400 மீட்டர் டிராக்ல நாலு சுத்து நடந்தேன், 1.6 கிலோமீட்டர். 16 நிமிஷம் ஆச்சு. சம்மணத்துலேருந்து எந்திரிக்க ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்துது. அதனால மே மாசம் வேண்டாம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம், டிக்கெட் போடலை. ரெண்டாவது ரிப்போர்ட், புரோப்ரனோலால் நிறுத்துறது, டிரெட்மில், எல்லாத்தையும் என் டாக்டர்கிட்ட வரிசையா எழுதிக் கொண்டுபோய்க் கேக்கறேன். காய்ச்சல், தொண்டை வலி பத்தி எனக்கு மருந்து கொடுத்தப்போ யாரும் சொல்லலை மதுரை டாக்டர், அதை ஒரு அட்டையில எழுதி மாத்திரை டப்பாவுல வச்சாச்சு.

ஒரே ஒரு கேள்வி. அதுவரைக்கும் நீச்சல் குளத்துல முகமூடி, ஃபின்ஸ் போட்டு மேலாக நீந்தலாமா?

---

மதுரை மருத்துவர்:

ஆழமில்லாத பகுதியில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, மெதுவாக நீந்தலாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூச்சடக்கி மூழ்க வேண்டாம். படபடப்பு வந்தால் கரையேறி உட்கார்ந்து நாடியை எண்ணுங்கள், எத்தனை என்று எழுதி வைத்து அடுத்த முறை காட்டுங்கள். தொடைச் சதை திரும்ப மாதக்கணக்கு ஆகும், ஹார்மோன் நார்மலான பிறகு அது தானாகவே ஏறும்.

---

தங்கச்சிமடத்தான்:

நல்ல முடிவு டீச்சர். நாலு சுத்து 14 நிமிஷத்துக்குள்ள வந்ததும் இங்க ஒரு வரி போடுங்க. பொங்கல் லீவுல வந்தா உங்களுக்கும் சாருக்கும் தனியா ஒரு ஆளைப் போட்டு நீமோல இறக்குறோம். எல்லாம் சரியா இருந்தா அதுக்கப்புறம் லைட்ஹவுஸ். டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபார்மை சென்னையிலிருந்தே அனுப்பிடுங்க. இங்க இறங்கினப்புறம் சில நாள் நெட் சுத்தமா இழுக்காது.