'குசு'வுக்கு பதிலா ஒரு வார்த்தை வேணும், அவசரம்

எல்லாருக்கும் வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். ரெண்டாவது படிக்கிற பொண்ணு நவம்பர் 14 விழாவுல சொல்றதுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுத்தேன்:

குறட்டை விட்டார் தாத்தா
பறந்து போச்சு பாய்
மறுபடி விட்டார் தாத்தா
மிரண்டு ஓடுச்சு நாய்
முக்கி விட்டார் குசு
மூக்கைப் பொத்துச்சு பசு

வீட்ல தாத்தாவே விழுந்து விழுந்து சிரிச்சாரு. மிஸ் மட்டும் மேடையில 'குசு' கூடாதுன்னுட்டாங்க, 'கொசு'ன்னு மாத்திக்கோங்கன்னாங்க. கொசுவ எப்படிங்க முக்கி விடுறது, அதுக்கு பசு ஏன் மூக்கைப் பொத்தணும்?

'வாயு' போட்டா இயைபு, அதாவது வரிக் கடைசில ஒத்துப்போற ஓசை, போச்சு, டாக்டர் சீட்டு மாதிரியும் இருக்கு. 'புஸ்ஸு' போட்டுப் பாத்தேன், தெரு பசங்க ஒருத்தனும் சிரிக்கல, டயர் பஞ்சரான்னு கேக்குறானுங்க. பசுவ தூக்கிட்டு வேற மாடு கன்னு வைக்கலாம்னா பொண்ணு விடமாட்டேங்குது, மூக்கைப் பொத்துற ஆக்‌ஷன் ஏற்கெனவே பழகிடுச்சு. முதல் நாலு வரி ஓகே, எதுகைல, அதாவது வரியோட ரெண்டாவது எழுத்துல, ற வர்ற இடத்துல ஒரு ர இருக்கு, காதுக்கு ஒண்ணுதான், அத விடுங்க.

பசுவோட ஒத்துப்போற மாதிரி, ரெண்டு குறில்ல, மிஸ்ஸும் ஒத்துக்கணும் பசங்களும் சிரிக்கணும், அப்படி ஒரு வார்த்தை இருக்கா?