ஸ்வீடிஷில் ‘கிஃப்ட்’ என்றால் கல்யாணமா, விஷமா?

கேள்வி:
ஸ்வீடனுக்கு வந்து 4 மாதம் ஆகிறது, மொழி வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் டீச்சர் ‘நீ யிஃப்டா?’ என்றார், கல்யாணமாகிவிட்டதா என்று அர்த்தமாம், எழுதும்போது ஆங்கில கிஃப்ட் மாதிரியே. சரி, ஆகிவிட்டது என்றேன். அன்று சாயங்காலம் சைக்கிளை எடுக்க குடியிருப்பின் நிலவறைக்குப் போனால் மூலையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதன் மேல் எலி என்ற சொல்லோடு ஒட்டி அதே யிஃப்ட். எலிக்குக் கல்யாணமா? இரண்டும் ஒரே சொல்தானா?

பதில் 1:
ஒரே சொல்தான், வேர் ‘கொடு’. மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்பதில்லையா, அந்தக் கொடுப்பதுதான் கல்யாணம். விஷம் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுப்பது, அப்புறம் கொடுக்கும் மருந்தின் அளவு, லத்தீனிலும் அது புழங்கியது, அதைப் பார்த்துத்தான் ஜெர்மன்காரர்கள் தங்கள் ‘கிஃப்ட்’டுக்கும் அந்த அர்த்தத்தை ஏற்றினார்கள். நாசூக்காகச் சொல்லப்போய் கடைசியில் விஷம் மட்டுமே தங்கிவிட்டது. ஊரில் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் யாராவது இருமல் மருந்து என்றா நினைப்பார்கள்?

பதில் 2:
ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே கிஃப்ட் விஷம் மட்டும்தான், கல்யாணத்துக்கு வேறு சொல். ஆனால் பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர், பழைய அர்த்தம் அதில் ஒளிந்துகொண்டிருக்கிறது. டச்சுக்காரர்கள் இன்னும் மோசம்: கிஃப்ட் என்றால் நன்கொடை, கடைசி ‘ட்’ போய் ‘கிஃப்’ ஆனால் விஷம். சரி, ட்-தான் வித்தியாசம் என்று மனப்பாடம் செய்தால், ‘விஷமுள்ள’ என்பதற்கு ‘கிஃப்டிக்’ என்று அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்!

பதில் 3:
டேனிஷ், நார்வேஜியனிலும் ஸ்வீடிஷ் கதைதான், இரண்டு அர்த்தமும் உண்டு. ஐஸ்லாந்துக்காரர்கள் தப்பித்தார்கள், விஷத்துக்கு அவர்களிடம் ‘எய்தூர்’ என்ற பழைய சொல் இருக்கிறது. அங்கே ‘கிஃப்ட்’ கல்யாணமான பெண், ‘கிஃப்தா’ நல்ல அதிர்ஷ்டம். பழைய ஆங்கிலத்தில்கூட இந்தச் சொல் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசப் பணத்தைத்தான் குறித்தது, இன்றைய பரிசு என்ற பொருளும் அந்த ‘கி’ உச்சரிப்பும் வைக்கிங்குகள் பேச்சிலிருந்து வந்தவை.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் விளக்கினேன், முழுசாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது அந்த எலிப்பெட்டி போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, கீழே எங்கள் கல்யாணத் தேதியோடு.