நோன்புக்கு வீட்டுல ஜப்பான் பாட்டுச்சீட்டு மாதிரி விளையாட முடியுமா?

பள்ளத்தூர்ப்பொண்ணு:
பிள்ளையார் நோன்புக்கு இந்த தடவ பங்காளி வீட்டுப் பிள்ளைகள்லாம் சென்னை சிங்கப்பூர்னு எல்லா பக்கம் இருந்தும் வருதுக, இழை எடுக்குற சடங்கு முடிஞ்சதும் ஆளுக்கொரு மூலையில போனோட உக்காந்துரும். ஜப்பான்ல புத்தாண்டுக்கு குடும்பமா உக்காந்து பழைய பாட்டு நூற வச்சு சீட்டு விளையாடுவாங்களாமே, ஹ்யாகுநின் இஷ்ஷுன்னு பேரு. அது எப்படி விளையாடுறது, நம்ம தமிழ்ப் பாட்ட வச்சு அதே மாதிரி செய்ய முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டையூரான்:
தாராளமா முடியும் ஆச்சி. 13ஆம் நூற்றாண்டுல ஃபுஜிவாரா நோ தெய்க்கான்னு ஒரு கவிஞர், நூறு புலவர்கிட்ட இருந்து ஆளுக்கொரு பாட்டா எடுத்துத் தொகுத்தது அது. எல்லாமே ராஜாக்கள் சொல்லித் தொகுத்த பெரிய தொகைநூல்கள்ல இருந்து பொறுக்கினது, அதுல 43 காதல் பாட்டு, புலவர்கள்ல 21 பேர் பெண்கள். ஒவ்வொரு பாட்டும் 31 அசை, 5-7-5 மேல்பாதி, 7-7 கீழ்பாதி. தரையில பரப்புற நூறு சீட்டுலயும் கீழ்பாதி மட்டும்தான் இருக்கும், ஒருத்தர் பாட்ட மேல்பாதியில இருந்து ராகம் போட்டுப் படிப்பாரு, பாட்டு தெரிஞ்சவன் மேல்பாதி முடியுறதுக்குள்ளயே சீட்ட அடிச்சுத் தூக்கிருவான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா எத்தன எழுத்து கேட்டா இது இன்ன பாட்டுன்னு உறுதியாகும்ங்கிற கணக்கு. ஏழு பாட்டுக்கு முதல் எழுத்து காதுல விழுந்தாலே போதும். ஆனா 'அஸாபோராகெ'ன்னு ஆரம்பிக்கிறது ரெண்டு இருக்கு, அந்த அஞ்சு எழுத்து வரைக்கும் கைய நீட்டவே முடியாது, ஆறாவதா 'அ' வருதா 'உ' வருதான்னு காத தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். ஓட்ஸு ஊர்ல ஓமி ஜிங்கு கோயில்ல ஜனவரி மாசம் இதுக்குப் பெரிய போட்டியே நடக்குது, இந்தத் தொகுப்புல முதல் பாட்டு பாடின தென்ஜி சக்கரவர்த்திக்கான கோயில் அது.

தேவகோட்டை வாசகி:
குறுந்தொகைல செய்யலாமேன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு, ஆனா நாலுல இருந்து எட்டு அடி, பிள்ளைகளுக்கு ஓடாது. திருக்குறள்தான் சரி ஆச்சி, நாலு சீர் ஒரு வரி, மூணு சீர் அடுத்த வரி, அளவெடுத்துத் தச்ச மாதிரி ரெண்டா பிரியுது. 'இனிய உளவாக இன்னாத கூறல்'னு நீங்க ஆரம்பிச்சா 'கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' சீட்டுக்கு பத்து கை பாயும்! ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' (355), 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' (423), ரெண்டுக்கும் ரெண்டாவது வரி ஒரே வரி, மெய்ப்பொருள் காண்ப தறிவு. ரெண்டையும் ஒரே கட்டுல போட்டா சண்டை வந்துரும், ஒண்ண எடுத்துருங்க.

கோட்டையூரான்:
355, 423 எனக்குத் தோணவே இல்ல, பிரமாதம்! தொகுக்கிறதுன்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன், 905ல தய்கோ சக்கரவர்த்தி உத்தரவுல நாலு புலவர் தொகுத்த கொகின்ஷுங்கிற ஜப்பான் தொகைநூல்ல 20 பாகம், அதுல முதல் ஆறும் இளவேனில்ல தொடங்கி குளிர்காலம் வரைக்கும் வரிசையா நகரும், காதலுக்கு மட்டும் தனியா அஞ்சு. நம்ம அகநானூறும் அப்படி எண்ணிக் கோத்ததுதானே, ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 4, 14 முல்லை, 6, 16 மருதம், 10, 20 நெய்தல், 2, 8 குறிஞ்சி. அதனால நீங்களும் நூறு குறள கண்ட மேனிக்கு எடுக்காம, மழை, விருந்து, காமத்துப்பால்னு கலந்து நீங்களே தேர்ந்தெடுங்க, அதுவே ஒரு தொகைநூல்தான்.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
ரொம்ப சந்தோஷம், வளவுல ஜமுக்காளம் விரிச்சு நூறையும் பரப்பிடுறேன். சின்னதுக குறளே தெரியாம முழிக்குமே, அதுகளுக்கு என்ன பண்றது?

தேவகோட்டை வாசகி:
அதுகளுக்கு நீங்க ரெண்டாவது வரியையும் சேர்த்து நிதானமா படிங்க, சீட்டுல இருக்கிற வரியத் தேடி எடுத்துக்கும். ஜப்பான்லயும் வீட்டுல விளையாடும்போது கீழ்பாதியும் சேர்த்துத்தான் படிப்பாங்க. எழுத்தப் பெருசா எழுதுங்க ஆச்சி, அப்பத்தாக்களும் ஆட்டத்துக்கு வருவாங்க.