486 பெட்டில பழைய ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு, டிரைவர் ஏறுது, பிங் போகல

குளச்சல்காரன்:
மக்களே, பரண்ல கெடந்த பழைய 486 கம்ப்யூட்டர எறக்கி விண்டோஸ் 95 போட்டு ஓட்டிட்டு இருக்கேன். ரியல்டெக் 8019 சிப் உள்ள ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) கார்டு, ஐஓ (கார்டோட முகவரி) 300, ஐஆர்க்யூ (கார்டு சிபியு-வ கூப்பிடுற லைன்) 3. சுவிட்ச்ல லைட் எரியுது, டிரைவரும் ஏறுது, ஆனா பிங் அடிச்சா (இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு பாத்தா) டைம்அவுட் தான். கார்டு பல்லுல (ஸ்லாட்ல சொருகுற முனை) லேசா பச்சை பூத்திருக்கு, அதனால இருக்குமோ?

தக்கலைடாஸ்:
ஐஆர்க்யூ 3 காம் 2 போர்ட்டுக்கு (மோடம் மாதிரி சாமான் மாட்டுற சீரியல் போர்ட்) உள்ளதுல்லா அண்ணாச்சி. ரெண்டும் மோதுனா கார்டு 300-ல தெரியும், டிரைவர் ஏறும், ஆனா பாக்கெட் வந்த சேதி சிபியு-க்கு போவாது, அதான் டைம்அவுட். காம் 2-வ ஆஃப் பண்ணுங்க, பழைய 486-ன்னா அந்த செட்டிங் பயாஸ்ல இருக்காது, போர்ட்டெல்லாம் உள்ள மல்டி ஐஓ கார்டுல ஜம்பரா (பின்னுல மாட்டுற சின்ன மூடி) இருக்கும். இல்லேன்னா டாஸ்ல கார்டு செட்டிங் மாத்துற ஆர்செட்8019 புரோகிராம ஓட்டி ஐஆர்க்யூ-வ 10-க்கு மாத்துங்க. 5 வேண்டாம், சவுண்ட் பிளாஸ்டர் சவுண்டு கார்டு பொதுவா அங்கதான் குந்திகிட்டு இருக்கும்.

மணவாளக்குறிச்சி:
பச்சையையும் விடாதீங்க, நம்ம உப்புக்காத்துக்கு எந்த கார்டும் தப்பாது. பென்சில் ரப்பர் வச்சு மெதுவா தேய்ங்க, உப்புத்தாள் மட்டும் தொடாதீங்க, தங்க முலாம் போயிரும். பெறவு விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்லயும் அதே 10 இருக்கணும், கேட்டீங்களா.

குளச்சல்காரன்:
காம் 2-ல மோடம் கெடக்கு, அதனால 10-க்கே மாத்துனேன். பிங் போவுது மக்கா!