கூலி கொடுத்தால்தான் மோட்டார்: போர்டு மாட்டலாமா?

காயில்கடை, நீடாமங்கலம்:
மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். காப்பர் கம்பி, பேரிங் எல்லாம் ரொக்கத்துக்குத்தான் வாங்குறேன். வேலை முடிஞ்சா "அறுப்பு முடியட்டும்"ங்கிறாங்க. சித்திரை பொறந்தாலும் சில பேருக்கு அந்த அறுப்பு முடியறதில்ல. 'கூலி முழுசும் கொடுத்தால்தான் மோட்டார் வெளியே போகும்'னு போர்டு மாட்டப் போறேன். என்ன சொல்றீங்க?

உரக்கடை, மன்னார்குடி:
மாட்டுங்க தம்பி. அடுத்த தெரு காயில்கடைக்காரர் உங்களுக்கு மாலையே போடுவாரு. மேட்டூர் திறந்ததும் நாங்க கடன் நோட்டைத் திறப்போம், கொள்முதல் நிலையத்துப் பணம் பேங்குல ஏறினதும் கணக்கை முடிப்போம். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். கடனே சொல்லக்கூடாதுன்னா இந்தப் பக்கம் டாஸ்மாக் மட்டும்தான் நடத்த முடியும்.

விவசாயி, பாபநாசம்:
அண்ணே, நோட்டுக் கதையை நீங்க பேசாதீங்க. யூரியா மூட்டையில விலை அச்சடிச்சிருக்கு, அதுக்கு மேல வாங்க முடியாது. அதனால கடனுக்குக் கேட்டா "இந்த நுண்ணூட்டத்தையும் எடுத்துக்கங்க"ன்னு தலையில கட்டுறாங்க. வட்டி அதுலயே வந்துடுது. காயில் கட்டுறவருக்கு அந்த வழி கிடையாது.

ஆனா போர்டும் தப்புதான். முறைத்தண்ணி வராம நடவு வயல் வெடிச்சுக் கிடக்கிறப்ப மோட்டாரைப் புடிச்சு வச்சீங்கன்னா, பயிர் கருகினப்புறம் யாருகிட்ட வசூல் பண்ணுவீங்க? அறுத்தாலும் உடனே காசு இல்ல. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னா எடுக்க மாட்டாங்க, நெல்லைக் களத்துலயே போட்டுக் காய வைக்கணும், மழை வந்தா அதுவும் போச்சு.

உரக்கடை, மன்னார்குடி:
எல்லாக் கடையிலும் தலையில கட்டுறதில்ல. சொல்லிட்டேன்.

கணக்கர், கும்பகோணம்:
சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு சண்டை போடுங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவுப்படி, ஒரு பொருள்ல உழைப்பைப் போட்டவர் கூலி வர்ற வரைக்கும் அதைக் கையில வச்சுக்கலாம். போர்டே தேவையில்ல. ஆனா "அறுப்புக்கு அப்புறம் கொடுங்க"ன்னு நீங்களே தவணை ஒத்துக்கிட்டா அந்த உரிமை போச்சு. இன்னொண்ணு, அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான் இது. பழைய பாக்கிக்காகப் புது மோட்டாரைப் புடிச்சு வைக்கக்கூடாது. வேணும்னா புது வேலையை எடுக்காம இருங்க.

காயில்கடை, நீடாமங்கலம்:
ஒரு விஷயம் சொல்லியாகணும். சம்சாரிங்க பாக்கி பெரும்பாலும் சின்னது, பேங்குல பணம் ஏறினா வந்துடும். பெரிய தொகை நிக்கிறது ஒரு ரைஸ்மில்லுலயும் ஒரு கான்ட்ராக்டர்கிட்டயும்தான். மில்லுக்காரருக்கு அறுப்பும் இல்ல, நடவும் இல்ல. அவரும் அதே வார்த்தையைத்தான் சொல்றாரு!

கணக்கர், கும்பகோணம்:
அப்ப உங்க போர்டு தப்பான ஆளைப் பார்த்துத் தொங்கப் போகுது. மில்லுக்கு வேற மருந்து இருக்கு. சிறுதொழில்னு அரசாங்கத்துல பதியற உத்யம் பதிவு இலவசம், அடுத்த வேலைக்கு முன்னாடியே பதிஞ்சு, பில்லுல அந்த எண்ணைப் போடுங்க. 2006 சிறுதொழில் சட்டப்படி, எழுத்துல தவணை பேசலைன்னா 15 நாள், பேசியிருந்தாலும் 45 நாள்தான் உச்சம். தாண்டினா ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டுவட்டி. 2024லேர்ந்து வருமான வரியிலயும் பிடி இருக்கு: கெடு தாண்டின பாக்கியை, கொடுத்து முடிக்கிற வருஷம்தான் அவர் செலவுக்கணக்குல காட்ட முடியும். மார்ச் மாசம் அவரோட ஆடிட்டரே உங்களுக்குப் போன் பண்ணுவாரு.

உரக்கடை, மன்னார்குடி:
எனக்கும் இது உண்டா?

கணக்கர், கும்பகோணம்:
இல்லண்ணே. வாங்கி விக்கிறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்களுக்கு நோட்டுல கையெழுத்துதான். கெடு தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். அதுக்குள்ள "இவ்வளவு பாக்கி"ன்னு எழுதி வாங்கினா மறுபடி மூணு வருஷம்.

உரக்கடை, மன்னார்குடி:
கையெழுத்து கேட்டா "என்னை நம்பலையா"ம்பாங்க. மில்லுக்கு வட்டி நோட்டீஸ் அனுப்பினா அதோட அவர் வாசலை மிதிக்க முடியாது. சட்டம் ஊர்ல இல்லாதவங்களுக்குச் சரி. நாங்க நாளைக்கும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்கணும்.

விவசாயி, பாபநாசம்:
காசு தராத வாசலை மிதிச்சு என்னண்ணே ஆகப் போகுது? எங்ககிட்ட தேதி கேளுங்க, தப்பே இல்ல. "அறுப்பு முடிஞ்சதும்"னு சொன்னா "மாசி 15 போடட்டுமா"ன்னு கேட்டு, எதிர்லயே வாட்ஸ்அப்ல அனுப்புங்க. கம்பி காசை முன்னாடியே வாங்கிக்கங்க, கூலிக்கு மட்டும் தவணை விடுங்க.

காயில்கடை, நீடாமங்கலம்:
கம்பிக் காசு முன்னாடி, சரி. போர்டு வேண்டாம். அந்த ரைஸ்மில் மோட்டார் ஒண்ணு இப்ப கடையிலதான் கிடக்கு, நேத்துதான் முடிச்சேன்.

கணக்கர், கும்பகோணம்:
அவரு தவணை எதுவும் கேட்டாரா?

காயில்கடை, நீடாமங்கலம்:
இன்னும் வாயைத் திறக்கல.

கணக்கர், கும்பகோணம்:
திறக்கிறதுக்குள்ள பில்லை அனுப்புங்க.