டி.என்.ஏ மாடலில் என்ன தப்பு? அவசரம், காலையில் கண்காட்சி

ஈரோட்டு அப்பா (இரவு 9.12)
மகள் பிளஸ் டூ. தெர்மாகோல், ஐஸ்கிரீம் குச்சி வைத்து டி.என்.ஏ மாடல் செய்தோம். மிஸ் பார்த்துவிட்டு "தப்பு இருக்கு, சரி பண்ணிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எது தப்பென்று சொல்லவில்லை. காலை 8 மணிக்கு வேன் வந்துவிடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லி
வெறும் ஏணி மட்டுமா, டி.என்.ஏ தன்னையே நகலெடுக்கும் இரட்டிப்பாதலும் காட்டுகிறீர்களா? படம் போடுங்கள் சார்.

கணக்கன்
எந்த நிறத்துக்கு எதிரே எந்த நிறம்? பலரும் படியின் ஒரு பாதியாக வரும் அடினைன் என்ற காரத்துக்கு எதிரே குவானைன் என்ற காரத்தை ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே இரட்டை வளையம், படி அகலமாகிவிடும். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று சேர்வதால்தான் ஏணி முழுக்க 2 நானோமீட்டர் அகலம்.

ஈரோட்டு அப்பா
சிவப்பு நீலம், பச்சை மஞ்சள். படம் போட்டிருக்கிறேன்.

கணக்கன்
சிவப்பு என்றால் எது சார்?

நெல்லைச் சுருள்
படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறீர்கள். டி.என்.ஏ வலச்சுருள், வீட்டிலிருக்கும் திருகாணி மாதிரி. பிரித்து மாற்றிச் சுற்றுங்கள்.

ஈரோட்டு அப்பா
தலைகீழாக நிறுத்தினால் சரியாகிவிடாதா? பிரித்தால் ஃபெவிகால் காய நேரமில்லை.

நெல்லைச் சுருள்
ஆகாது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே திருகுதான்.

உயிரியல் ஆசான்
அடிப்படை புரியாமல் யூடியூப் பார்த்துச் செய்தால் இப்படித்தான். இதை நான் இங்கேயே மூன்று முறை விளக்கியாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. ஒரு சுற்றுக்கு 10 படி, படிக்குப் படி 0.34 நானோமீட்டர், ஆக ஒரு சுற்று 3.4. உங்கள் மாடலில் சுற்றுக்கு 6 படிதான் இருக்கிறது. மேலும், இடச்சுருளே தப்பு என்று சொல்வதும் அரைகுறை. இசட் வடிவ டி.என்.ஏ இடச்சுருள்தான், 1979-ல் படிகத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

நெல்லைச் சுருள்
அது குவானைனும் சைட்டோசின் என்ற காரமும் மாறி மாறி வரும் இடத்தில், உப்பு மிகுந்த கரைசலில் வருவது ஐயா. அதற்கும் சுற்றுக்கு 12 படி. இவர் வைத்திருப்பது 6.

உயிரியல் ஆசான்
எனக்கே பாடமா?

மல்லி
மிஸ் படியை எண்ணியிருப்பார் என்று தோன்றவில்லை. உண்மையில் கரைசலில் 10.5 வரை வரும், அதற்காக அரைக் குச்சி ஒட்ட முடியுமா!

பழைய லேப்காரன்
கொஞ்சம் நிறுத்துங்கள். படத்தில் சீட்டின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கிறது. சார், செல்ஃபி கேமராவா? அப்படியென்றால் திருகும் மாறித்தான் தெரியும். உங்களுடையது வலச்சுருளேதான். பிரிக்காதீர்கள்!

ஈரோட்டு அப்பா
மகள் எடுத்த செல்ஃபிதான், அவள் முகத்தை வெட்டிவிட்டுப் போட்டேன். ஒரு சுற்று பிரித்துவிட்டேனே.

நெல்லைச் சுருள்
மன்னித்துவிடுங்கள் சார்.

பழைய லேப்காரன்
சரி, திரும்ப ஒட்டுங்கள். கீழே கவட்டை மாதிரி விரிகிறதே, அங்கே அம்புக்குறி எப்படிப் போகிறது?

ஈரோட்டு அப்பா
அது இரட்டிப்பாதல். இரண்டு கிளையிலும் புது இழைக்கு நீள அம்பு. இரண்டும் பிரியும் இடத்தை நோக்கி.

பழைய லேப்காரன்
தப்பு அங்கேதான் இருக்கும். பழைய இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் கிடக்கின்றன. ஓர் இழையின் இரு முனைகளுக்கு 5 பிரைம், 3 பிரைம் என்று பெயர். புது இழையைக் கட்டும் நொதியான பாலிமரேஸோ அதன் 3 பிரைம் முனையில் மட்டும்தான் அடுத்த நியூக்ளியோடைடை, அதாவது இழையின் அடுத்த அலகை, சேர்க்கும். அதனால் ஒரு கிளையில்தான் கவையை, அதாவது பிரியும் இடத்தை, துரத்திக்கொண்டே போக முடியும். மற்றதில் கவை கொஞ்சம் திறந்ததும் அங்கிருந்து பின்பக்கமாக ஒரு துண்டு, இன்னும் திறந்ததும் இன்னொரு துண்டு. இவைதான் ஒகசாகி துண்டுகள். 1960களில் நகோயாவில் ரெய்ஜி, சுனெகோ ஒகசாகி தம்பதி கண்டது. பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு, நம் செல்லில் 100, 200தான். அப்புறம் லைகேஸ் என்ற நொதி இவற்றை ஒட்டும்.
ஒரு நீள அம்பைக் கிழித்துவிட்டு மூன்று குட்டி அம்பு ஒட்டுங்கள், முனை கவைக்கு எதிர்ப்பக்கம். ஒவ்வொன்றின் வாலிலும், துண்டைத் தொடங்கிவைக்கும் குட்டி இழையான பிரைமருக்கு ஒரு பொட்டு.

ஈரோட்டு அப்பா
எந்தக் கிளையில் கிழிப்பது?

பழைய லேப்காரன்
பழைய இழையின் வெளி நுனியில் 5 என்று எழுதியிருக்கும் கிளையில். 3 இருக்கும் பக்கம் நீள அம்பு அப்படியே இருக்கட்டும்.

ஈரோட்டு அப்பா
எதுவும் எழுதவில்லையே.

பழைய லேப்காரன்
அப்படியென்றால் பிடித்த பக்கம் கிழித்துவிட்டு, அதன் நுனியில் 5, மற்றதில் 3 எழுதுங்கள். மேலே மூடியிருக்கும் முனையில் அதே இழைகளுக்கு மாற்றி எழுத வேண்டும், மறக்காதீர்கள்.

உயிரியல் ஆசான்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஈரோட்டு அப்பா (மறுநாள் மாலை 5.40)
அம்புதான். மிஸ் ஓகே சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

கணக்கன்
சிவப்பு எது சார்?