மான்கொம்புப் பிடி ஆடுகிறது

நான்: [படம்] மாமா, போன வாரம் முடித்த கத்தி. நாலு கயிறுதான் அறுத்தேன், அதற்குள் பிடி ஆடுகிறது.

அத்தை: அழகாக இருக்கிறதுடா. ஆனால் பாவம், இதற்காக ஒரு மானைக் கொன்றார்களா?

நான்: இல்லை அத்தை. ஆண் மானுக்குக் கொம்பு வருஷம் ஒரு தடவை தானாக உதிர்ந்துவிடும், அப்புறம் புதிதாக முளைக்கும். இது உதிர்ந்ததுதான்.

மாமா: பில் இருக்கிறதா? சில நாடுகளில் உதிர்ந்த கொம்பை வைத்திருப்பதே குற்றம்.

நான்: இருக்கிறது மாமா.

அக்கா: மாட்டுக்கொம்பு உதிராதே?

மாமா: அது வேறு. மாட்டுக்கொம்பின் மேல்பகுதி நம் நகம் மாதிரி. மான்கொம்பு முழுக்க எலும்பு. அரம் போட்டால் பல் டாக்டர் அறை வாசனை வருமே, அதனால்தான்.

மாமா: சரி, உள்ளே பஞ்சு மாதிரி இருந்ததைச் சுரண்டினாயா?

நான்: இல்லையே. துளை போடச் சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் 😅

மாமா: அங்கேதான் கோட்டை விட்டாய். வெளி ஓடுதான் கெட்டி. உன் எபாக்ஸி பசை பஞ்சைப் பிடித்திருக்கிறது, வெளி ஓட்டைப் பிடிக்கவில்லை. பஞ்சு நொறுங்கியது, பிடிக்குள் இருக்கும் கத்தியின் வால் கழன்றது.

அக்கா: அடுப்பில் காட்டிக் கழற்றலாமா?

மாமா: ஐயோ வேண்டாம்! அலகின் பதம் போய்விடும். பிடியை மட்டும் கொதிநீரில் வை. 100 டிகிரிக்கு எபாக்ஸி இளகும், 200 டிகிரியில் பதம் போட்ட அலகுக்கு ஒன்றும் ஆகாது. கழன்றதும் கொம்பை நிழலில் ஒரு வாரமாவது காயவிடு. ஈரத்தில் எதுவும் ஒட்டாது. வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

மாமா: அப்புறம் பஞ்சைச் சுரண்டு. சுரண்ட வராத மூலைகளில் தண்ணியான சூப்பர் க்ளூ விடு, உறிஞ்சிக் கெட்டியாகும். ஜன்னலைத் திறந்து வை. வாலின் இரண்டு ஓரத்திலும் அரத்தால் சின்னச் சின்ன வெட்டு போடு, அசிட்டோனால் துடை. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், 24 மணி நேரத்தில் இறுகுவதை ஊற்றி நிமிர்த்தி வை. மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அத்தை: சொல்கிறவர் போன மாதம் மாஸ்க் போடாமல் இழைத்துவிட்டு இரண்டு நாள் தும்மினார்.

மாமா: அதெல்லாம் குழுவில் எதற்கு?

(பத்து நாள் கழித்து)

நான்: [படம்] காய்ந்துவிட்டது மாமா. சுரண்டியது இவ்வளவு.

அக்கா: ரொட்டித்தூள் மாதிரி இருக்கிறது 😂

மாமா: டார்ச் அடித்துப் பார். உட்சுவரில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதா?

நான்: தெரிகிறது.

மாமா: அப்படியானால் இன்னும் சுரண்டு.